ஜவுளி விளம்பரம்

என் சித்தி நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜங்ஷனில் முப்பது வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். ஜூன் மாதத்தில் அவளிடம் பேச்சுக் கொடுக்க முடியாது. வாயில் நாலு குண்டூசி, கழுத்தில் டேப், காதிடுக்கில் பென்சில். யூனிஃபார்ம் சீசன். ஒரு மூலையில் காஜா எடுக்கும் பெண், இன்னொரு மூலையில் ஓவர்லாக் மெஷின், நடுவில் மலைபோலத் துணி. போன ஜூனில் போயிருந்தபோது அந்த மலையின் உச்சியில் ஒரு தாள் கிடந்தது.

கல்லூரி ஒன்று, முதலாமாண்டு மாணவியரின் பெற்றோருக்கு அனுப்பிய சுற்றறிக்கை. இவ்வளவு ஈடுபாட்டோடு எழுதப்பட்ட சுற்றறிக்கையை நான் அதுவரை படித்ததில்லை. டாப்ஸின் இறக்கம் முழங்காலுக்குக் கீழே நாலு இஞ்சு. ஸ்லிட் தொடங்குவது இடுப்புக்குக் கீழே ஆறு இஞ்சு தள்ளி. முன் கழுத்து ஐந்து இஞ்சு, பின் கழுத்து மூன்று. கை, முழங்கையை மூட வேண்டும். துணி நிழலாடக் கூடாது. நிழலாடினால் லைனிங் கொடுக்க வேண்டும். துப்பட்டாவை மடித்து, இரண்டு தோளிலும் ஊக்குக் குத்தி, நடுவில் ‘வி’ வடிவம் வர வேண்டும். லெகின்ஸ் என்ற சொல் தடித்த எழுத்தில், அடிக்கோட்டுடன், ஏதோ கொலையாயுதத்தின் பெயரைப் போல. கடைசியில் “மாணவியரின் கண்ணியத்தைக் கருத்தில் கொண்டு” என்று ஒரு வரி. அதற்குக் கீழே, போனால் போகிறது என்று ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு வரி: “மாணவர்கள் நேர்த்தியாக உடையணிந்து வரவும்.” அவ்வளவுதான். அவர்களுக்கு இஞ்சு இல்லை.

சித்தி குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள். “இத எழுதின ஆளு கட்டிங் மாஸ்டரா வந்திருந்தா நல்லா சம்பாரிச்சிருப்பாரு. நான் புள்ளையள நிக்க வச்சு அளந்தாத்தான் இந்தக் கணக்கு வரும். இவரு உக்காந்த எடத்துலயே அளந்திருக்காரு பாரு.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிச்சல் வந்தது. ஏனென்றால் இதே மண்ணில் ஓர் அரசாங்கமே கட்டிங் மாஸ்டர் வேலை பார்த்திருக்கிறது. அப்போதும் எழுதியவர்கள் ஆண்கள். அப்போதும் ஒழுக்கம், வழக்கம், கண்ணியம் எல்லாம் இருந்தன. ஒரே ஒரு வித்தியாசம்: அன்றைக்குக் குற்றம் மூடியது.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அரசர் வெளியிடும் ஆணைக்கு ‘விளம்பரம்’ என்று பெயர். அந்தப் பெயரை நான் மிகவும் ரசிக்கிறேன். இன்றைக்கு ஆடித் தள்ளுபடியும் முகூர்த்தப் பட்டும் எப்படி முழுப்பக்கம் வருகின்றனவோ, அப்படி அன்றைக்கு மகாராஜாவே ஜவுளி விளம்பரம் கொடுத்தார். இன்னின்னார் இன்னின்ன துணியை இன்னின்ன விதமாக உடுத்தலாம். இன்னின்ன விதமாக உடுத்தினால் கெட்டது. மாடல் மட்டும் கிடையாது. மாடல்களைத்தான் சந்தையில் வைத்துத் துணியை உருவினார்களே.

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கிற இந்தத் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை மலையாளக் கரையோடு இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பனை ஏறிப் பிழைத்த நாடார் சமூகத்துக்கு, அன்றைய ஆவணங்களின் வார்த்தையில் சாணார்களுக்கு, விதிக்கப்பட்டிருந்த தடைகளின் பட்டியலைப் படித்தால் ஆண்டவர்களின் கற்பனை வளத்தை மெச்சத் தோன்றும். குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. பொன் நகை கூடாது. மாடி வீடு கூடாது. பசுவில் பால் கறக்கக் கூடாது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. தலையில்தான் சுமக்க வேண்டும். இடுப்புக்கு மேலே துணி போடக் கூடாது. குடம் எங்கே உட்கார வேண்டும் என்பதுவரை யோசித்த ஒரு ராஜ்ஜியத்தை யாராவது நிர்வாகத் திறமை இல்லாதது என்று சொல்ல முடியுமா?

இதில் நுட்பம் ஒன்று உண்டு. மார்பை மறைக்காதிருப்பது மரியாதை. நாடார் பெண் நாயருக்கு முன்னால் மறைக்கக் கூடாது. நாயர் பெண் நம்பூதிரிக்கு முன்னால் மறைக்கக் கூடாது. நம்பூதிரி தெய்வத்துக்கு முன்னால் தோளில் துண்டு போடக் கூடாது. தெய்வம் மட்டும் பட்டுடுத்திக்கொண்டு உள்ளே இருந்தது. யார் யாரைக் கண்டால் எதை அவிழ்க்க வேண்டும் என்பதுதான் அந்த நாட்டின் அரசியல் சாசனம். அதில் நாணம் என்ற சொல்லுக்கு இடமே இல்லை. நாணம் என்று ஒன்று இருந்திருந்தால் அது பார்க்கிறவனுக்கு இருந்திருக்க வேண்டும். பார்க்கிறவன்தான் சட்டம் எழுதினான்.

பிறகு லண்டன் மிஷன்காரர்கள் வந்தார்கள். மயிலாடியில் ஆரம்பித்து நாகர்கோவில், நெய்யூர் என்று பரவினார்கள். பள்ளிக்கூடம் வைத்தார்கள், பெண்களுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார்கள், மேலுக்குப் போட ஒரு தொளதொளச் சட்டையும் தைத்துக் கொடுத்தார்கள். அவர்களும் புனிதர்களல்ல, மூடாத உடம்பைப் பார்த்தால் பாவம் என்று கண்ணை மூடிக்கொள்ளும் நாட்டிலிருந்து வந்தவர்கள். ஆனால் அவர்கள் நினைத்த காரணம் வேறு, பெண்கள் எடுத்துக்கொண்ட காரணம் வேறு. 1814-ல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ காலத்தில் வந்த உத்தரவு, கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற சட்டையைப் போடலாம் என்றது, சிரியன் கிறிஸ்தவர்களும் மாப்பிளைமாரும் போடுவது போல. நம் பெண்கள் அதை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டு, அதன் மேலேயே நாயர் பெண்கள் போடுவது போன்ற தோள்சீலையையும் போட்டுக்கொண்டார்கள். அங்கேதான் ராஜ்ஜியம் ஆடியது.

ஏன் என்று யோசியுங்கள். குப்பாயம் ஏற்கெனவே மறைத்துவிட்டது. மறைக்க மிச்சம் எதுவும் இல்லை. அதற்கு மேல் தோளில் கிடக்கும் ஒரு முழத் துணிக்காகத்தான் சந்தைகளில் பெண்களை மறித்தார்கள், அடித்தார்கள், சீலையைக் கிழித்தார்கள், பள்ளிக்கூடங்களையும் ஜெபவீடுகளையும் கொளுத்தினார்கள். 1820-களில் ஒரு சுற்று, 1858-59-ல் இன்னொரு சுற்று. ஒரு முழத் துணி உடம்பில் எதையும் மறைக்கவில்லை. சாதியை மறைத்தது. தூரத்திலிருந்து வரும் பெண் யாரென்று தெரியாமல் போனால், எவ்வளவு தூரம் விலகி நிற்கச் சொல்வது, எந்த வார்த்தை சொல்லிக் கூப்பிடுவது? நியாயமான கவலைதானே.

1829-ல் ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. சாணார் பெண்கள் மேல்சீலை போடுவது வழக்கத்துக்கு விரோதம், கூடாது. வேண்டுமென்றால் குப்பாயம் போட்டுக்கொள்ளட்டும். அதே விளம்பரத்தில், ஊழியம் எனப்படும் கூலியில்லா வேலையையும் மறுக்காமல் செய்ய வேண்டும் என்றிருந்தது. தோளில் துணி வந்தால் முதுகில் சுமை இறங்கிவிடும் என்று அரண்மனைக்குத் தெரிந்திருக்கிறது. ஆணையை வெளியிட்டவர் ஒரு பெண். இதைச் சொன்னால் சிலர் “பாருங்கள், பெண்ணுக்குப் பெண்ணே எதிரி” என்று கிளம்புவார்கள். அவர்கள் உட்காரலாம். ராணிக்கு அந்தச் சந்தையில் நடக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

1855-ல் இதே திருவிதாங்கூர் அடிமை முறையை ஒழித்தது. மனுஷியை விற்கக் கூடாது என்று ஒத்துக்கொண்ட அரசாங்கத்துக்கு, மனுஷி தோளில் துணி போடலாம் என்று ஒத்துக்கொள்ள மேலும் நான்கு வருஷம் தேவைப்பட்டது. நான் அந்த நான்கு வருஷத்தைப் பற்றி அடிக்கடி நினைப்பேன். விற்பனைச் சரக்காக இருப்பதை நிறுத்தியாயிற்று. ஆனால் பேக்கிங் மாற அனுமதியில்லை.

இனி விக்டோரியா மகாராணி வருகிறார். 1857-ல் டஸ்கனி நாட்டுக் கோமகன் அவருக்கு ஒரு பரிசு அனுப்பினார்: மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையின் அச்சு அசலான பிளாஸ்டர் வார்ப்பு, பதினேழடி உயரம். மகாராணி அதை உடனே அருங்காட்சியகத்துக்குத் தள்ளிவிட்டார். தாவீது உடுக்காமல் நின்றதைப் பார்த்து அவர் அதிர்ந்துபோனதாகக் கதை. அதிர்ச்சி கதையாக இருக்கலாம்; இலை கதையல்ல. அளவெடுத்து, பிளாஸ்டரில் ஓர் அத்தியிலை செய்து வைத்தார்கள். அரச குடும்பத்துப் பெண்கள் வரும் நாளில் இரண்டு கொக்கிகளில் மாட்டுவார்கள்; அவர்கள் போனதும் கழற்றுவார்கள். லண்டனில் இன்றும் அந்த இலையைப் பார்க்கலாம், சிலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பெட்டியில்.

1858 நவம்பர் 1. அதே மகாராணியின் பேரறிக்கை. குடிகளின் மதத்திலும் வழக்கத்திலும் இனி ஆங்கில அரசு தலையிடாது என்றார். தென் திருவிதாங்கூரில் இதைக் கேட்ட மேல்சாதிக்காரர்களுக்கு அது வேறு மாதிரி விழுந்தது: வெள்ளைக்காரன் இனிக் கேட்க மாட்டான், சீலையைப் பிடித்து இழுக்கலாம். இழுத்தார்கள். லண்டனில் சிலைக்கு இலை மாட்டிய மகாராணியின் பெயரால் நாகர்கோவிலில் சதைக்கு இருந்த துணி போனது. இரண்டுக்கும் இடையே ஒரே வருஷம். இப்படி ஓர் உவமையை நான் கற்பனையில் எழுதியிருந்தால் ஆசிரியர் ‘மிகை’ என்று அடித்திருப்பார். வரலாற்றை அடிக்க ஆசிரியர் இல்லை.

கடைசியில் சென்னை கவர்னர் டிரவெலியன் நெருக்கி, 1859 ஜூலை 26-ம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜாவின் விளம்பரம் வந்தது. திவான், பிற்பாடு ‘சர்’ பட்டம் பெற்ற டி. மாதவராவ், படித்தவர், சீர்திருத்தக்காரர் என்று பெயரெடுத்தவர். இந்தப் படித்த அரசாங்கம் கொடுத்த விடுதலையைப் பாருங்கள். சாணார் பெண்கள் கிறிஸ்தவச் சாணாத்திகளைப் போலச் சட்டை போடலாம். அல்லது முக்குவத்திகளைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

மெட்டீரியல் சொல்லியாயிற்று: முரடு. டிசைன் சொல்லியாயிற்று: மீன்காரி கட்டுவது போல. தடை செய்த மாடலும் சொல்லியாயிற்று. என் சித்தி கடைக்கு வந்த சுற்றறிக்கைக்கு இதைவிடச் சுத்தமான மூதாதை கிடையாது.

இந்த இடத்தில் எப்போதும் ஒருவர் எழுந்து, “மார்பை மறைக்க வரி, முலைவரி என்பதெல்லாம் கட்டுக்கதை, அது வெறும் தலைவரி மாதிரி” என்பார். வரிக்கணக்கை அறிஞர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். சீலைக்குத் தடை போட்டதற்கு அரசர்களின் விளம்பரங்களே சாட்சி. அதை மறுக்க வேண்டுமானால் மகாராஜாவிடம்தான் போக வேண்டும்.

ஆண்களுக்குத் தலையில் தடை இருந்தது. சுவாமிதோப்பில் அய்யா வைகுண்டர் தன் மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரச் சொன்னார். இன்றும் அந்தப் பதிக்குள் ஆண்கள் தலைப்பாகையோடுதான் நுழைகிறார்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் சுசீந்திரம். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே. ஒரு சாமிக்குத் துணி கட்டினால் பக்தி, பக்கத்துச் சாமிக்கு அவிழ்த்தால் பக்தி. பஸ் ஒரே பஸ்.

வடக்கே கொல்லத்தில் 1915-ல் புலையர் தலைவர் அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில் புலையர் பெண்கள் கழுத்தில் கிடந்த கல்மாலைகளை அறுத்துக் குவித்தார்கள். அவர்களுக்கு நகை என்று அனுமதிக்கப்பட்டிருந்தது கல் மட்டும். மேல்துணி போட்டுக்கொண்டு நடந்ததற்கும் அடி வாங்கினார்கள். 1859 விளம்பரம் வந்து 56 வருஷமாகியிருந்தது.

எனக்கு இந்த வரலாற்றில் மறக்கவே முடியாத காட்சி, கலவரமும் ஆணையும் அல்ல. ஒரு வீட்டுக்குள் நடந்தது. திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சராக இருந்த சி. கேசவன் தன் ‘ஜீவித சமரம்’ என்ற சுயசரிதையில் மாமியாரைப் பற்றிச் சொல்கிறார். அந்த அம்மாளுக்கு இளம் வயதில் நாத்தனார் ஒரு ரவிக்கை கொடுத்தார். போட்டுப் பார்த்தார்; பிடித்திருந்தது. அப்படியே தாய்வீட்டுக்கு வந்தார். தாய்க்காரி பார்த்தாள். ஆடிக்கொண்டு திரியவா போகிறாய், துலுக்கச்சி மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு என்று அடிக்கப் பாய்ந்தாள். பெண் ரவிக்கையைக் கழற்றி வைத்தாள். தாய் தூங்கிய பிறகு, இரவில், கணவருக்காக எடுத்துப் போட்டுக்கொள்வாளாம்.

ரவிக்கை போடுவது ஆட்டக்காரித்தனம். மாரை மூடினவள் வெட்கம் கெட்டவள். கழற்றினால் குடும்பப் பெண். அந்தத் தாயை நான் குறைசொல்ல மாட்டேன். ஊர் அவள் கையில் கொடுத்த டேப்பை வைத்து மகளை அளந்தாள். ஆனால் இன்றைக்கு மேடையேறி “நம் பண்பாட்டில் ஆதிகாலம் தொட்டு” என்று ஆரம்பிக்கிறவர்களை அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். எந்த ஆதி? எந்தக் காலம்? ஆதிகாலம் தொட்டுக் காப்பாற்றி வந்த ரவிக்கையை, அந்த வீட்டில் அரையிருட்டில் ஒளித்துத்தான் போட முடிந்தது.

உலகத்தின் மற்ற மூலைகளில் டேப் வேறு திசையில் ஓடியது. பிடித்த கை மாறவில்லை. 1922-ல் வாஷிங்டனில் ஒரு குளக்கரையில் போலீஸ்காரர் மண்டியிட்டு, குளிக்க வந்த பெண்களின் முழங்காலிலிருந்து உடுப்புவரை அளக்கிறார். ஆறு இஞ்சுக்கு மேல் தெரிந்தால் வெளியே. புகைப்படம் இருக்கிறது, மனுஷர் வெகு அக்கறையாகக் குனிந்திருக்கிறார். 2021-ல் நார்வே நாட்டுக் கடற்கரை ஹேண்ட்பால் அணிப் பெண்கள் பிகினிக்குப் பதில் அரைக்கால் டவுசர் போட்டு விளையாடினார்கள். ஐரோப்பியச் சம்மேளனம் 1,500 யூரோ அபராதம் போட்டது. அன்றைய விதிப்படி, பக்கவாட்டில் துணி பத்து சென்டிமீட்டருக்கு மேல் அகலம் போகக் கூடாதாம். ஆண்கள் அதே மணலில் டவுசரோடுதான் குதித்தார்கள். நூறு வருஷத்தில் மேற்கத்திய நாகரிகம் அடைந்த முன்னேற்றம் இதுதான்: இஞ்சு போய் சென்டிமீட்டர் வந்தது, குறைந்தபட்ச அளவு போய் அதிகபட்ச அளவு வந்தது.

ஈரானில் ஒரு ஆயுட்காலத்துக்குள்ளேயே இரண்டும் நடந்தது. 1936 ஜனவரியில் ரேசா ஷா, பெண்கள் முக்காடு போடக் கூடாது என்று ஆணையிட்டார். நாட்டை நவீனமாக்க வேண்டும், பெண்ணுக்கு விடுதலை கொடுக்க வேண்டும். ஆகவே போலீஸ்காரர்கள் தெருவில் பெண்களின் தலைத்துணியைப் பிடுங்கினார்கள். சில கிழவிகள் வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். 1979-க்குப் பிறகு வேறு ஆட்சி. 1983-ல் முக்காடு போடாதவளுக்கு 74 கசையடி என்று சட்டம். 2022 செப்டம்பரில் முக்காடு சரியாக இல்லை என்று பிடித்துக்கொண்டு போன மாஹ்சா அமினி போலீஸ் காவலிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செத்தார். வயது 22. பாட்டியின் தலையிலிருந்து பிடுங்கிய போலீசும் பேத்தியின் தலையில் திணித்த போலீசும் ஒரே சம்பளப் பட்டியலில்தான் கையெழுத்துப் போட்டிருக்கும். 2016-ல் பிரான்ஸின் கடற்கரை ஊர்கள் முழுக்க மூடிய நீச்சலுடைக்குத் தடைபோட்டு, மணலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை நான்கு போலீஸ்காரர்கள் சூழ்ந்து நின்று மேல்துணியைக் கழற்ற வைத்ததை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சமத்துவம், சகோதரத்துவம், அதற்கப்புறம் சட்டையை அவிழ்.

தமிழிலக்கியத்தைக் கூப்பிடாமல் நம்மூரில் இந்தப் பேச்சு முடியாது. எந்தப் பட்டிமன்றத்திலும் பத்தாவது நிமிஷத்தில் அச்சம் மடம் நாணம் பயிர்ப்பு வந்து நிற்கும். சொல்கிறவரை நிறுத்தி, பயிர்ப்பு என்றால் என்ன ஐயா என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர் குடிப்பார். தொல்காப்பியம் பெண்ணுக்குச் சொன்னது மூன்றுதான். நான்காவது பின்னால் சேர்ந்தது. வரதட்சணைப் பட்டியல் போல அதுவும் நீள்கிறது. ஆணுக்குத் தொல்காப்பியர் கொடுத்தது பெருமையும் வலிமையும். அவனுக்கு அப்போதும் இஞ்சு இல்லை.

மடம் என்பதன் பொருளைப் பாருங்கள்: தெரிந்தும் தெரியாதது போல இருத்தல். சுற்றறிக்கை அனுப்பிய கல்லூரி பட்டப்படிப்புக்கு ஃபீஸ் வாங்குகிறது. அங்கே மூன்று வருஷம் படித்துத் தெரிந்துகொண்டதைத் தெரியாதது போல வைத்துக்கொள்ளும் கலைக்குத் தனியாக வாங்குவதில்லை. தாராளம்.

ஆனால் வள்ளுவர் ஒரு காரியம் செய்திருக்கிறார். அதை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. ‘நாணுடைமை’ என்ற அதிகாரத்தைப் பொருட்பாலில், குடியியலில் வைத்திருக்கிறார். தொடக்கக் குறளிலேயே கணக்கைத் தீர்க்கிறார்: நான் பேசப்போகும் நாணம், தகாத காரியம் செய்வதற்குக் கூசுவது, அழகிய நெற்றிக்காரிகளின் வெட்கம் வேறு சமாச்சாரம். அதை ஒதுக்கிவிட்டு மிச்ச ஒன்பதையும் குடிமகனின் நடத்தைக்கே செலவழிக்கிறார். காமத்துப்பாலில் இன்னொரு அதிகாரம் இருக்கிறது, நாணத்தைத் துறப்பதைப் பற்றி. அங்கே துறக்கிறவன் பெரும்பாலும் ஆண். காதலித்தவள் கிடைக்காமல் பனைமட்டையில் குதிரை செய்து அதில் ஏறித் தெருவில் வருகிறேன் என்கிறவன். பனைமட்டையில் ஏறின ஆணின் மானத்தைப் பற்றி அவ்வளவு பாடிய மொழி, பனையில் ஏறினவனின் வீட்டுப் பெண்ணுடைய தோளில் துணி இருக்கலாமா என்று ஒரு சமஸ்தானம் அரை நூற்றாண்டு விவாதித்ததைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

வள்ளுவர் சொன்ன கணக்கில் யார் நாணியிருக்க வேண்டும்? சந்தையில் சீலையைக் கிழித்தவன். கிழித்தவனை விட்டுவிட்டு உடுத்தியவளுக்கு விதி எழுதின திவான். இவர்களில் யாரும் நாணியதாக எந்த ஆவணத்திலும் இல்லை.

கோயில்களும் சளைக்கவில்லை. 2015 கடைசியில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு கிராமத் திருவிழா நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டுப் போன வழக்கில், தமிழ்நாட்டுக் கோயில்கள் அனைத்துக்கும் உடைக் கட்டுப்பாடு பிறந்து வந்தது. 2016 புத்தாண்டன்று லெகின்ஸ் போட்ட பெண்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். பிறகு அதற்குத் தடை வந்தது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் கதை இன்னும் ருசி. 2016 நவம்பரில் நிர்வாக அதிகாரி, பெண்கள் சுடிதாரோடு வரலாம் என்றார். பத்து நாளுக்குள் கேரள உயர்நீதிமன்றம், அதைத் தந்திரிதான் முடிவு செய்ய வேண்டும் என்றது. ஆகவே பழையபடி: கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடிய சுடிதாருக்கு மேல் ஒரு வேட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போக வேண்டும். மூடியதற்கு மேல் மூடினால் சாமிக்குச் சம்மதம். அந்தப் பத்மநாபனின் தாசர்கள் என்று சொல்லிக்கொண்டுதான் திருவிதாங்கூர் மன்னர்கள் நாட்டை ஆண்டார்கள். அவர்கள்தான், மூடியதற்கு மேல் மூடாதே என்று விளம்பரம் போட்டவர்கள். தோள்சீலையாக இருந்தால் ஆகாது, இடுப்பு வேட்டியாக இருந்தால் ஆகும். தெய்வத்துக்கும் ஜவுளியில் ரசனை மாறும் போலிருக்கிறது.

ஆனால் நம் அரசாங்கத்துக்கு நாணமே கிடையாது என்று சொன்னால் அது அபாண்டம். ஒரே ஒரு முறை நாணியிருக்கிறது. மத்தியப் பாடத்திட்ட ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் உடையின் சமூக வரலாறு என்று ஒரு பாடம் இருந்தது. அதில் சாதியும் உடை மாற்றமும் பற்றிய பகுதியில் தோள்சீலைக் கதை வந்தது. 2016-ல் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியிலிருந்து கேள்வி கேட்கப்படாது என்று பள்ளிகளுக்குச் சொன்னது. 2019-ல் என்.சி.இ.ஆர்.டி. பாடத்தையே எடுத்துவிட்டது, பிள்ளைகளின் சுமையைக் குறைக்கவாம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் மூடாதே என்று அடித்த கதையை, கடைசியில் நன்றாக இழுத்து மூடிவிட்டார்கள். இதைவிட அடக்கமான அரசாங்கத்தை எங்கே பார்ப்பது? பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது. அன்றைக்குத் தலையில் குடம் சுமந்தவள் மட்டும்தான் புத்தகத்திலிருந்து இறங்கினாள்.

ஒருவேளை அந்தப் பாடத்தைப் படித்திருந்தால், அந்தக் கல்லூரிச் சுற்றறிக்கையை எழுதினவர் தன் ஊரின் பெயரை ஒரு முறையாவது திரும்பிப் பார்த்திருப்பார். தன் கொள்ளுப்பாட்டி எந்தச் சந்தையில் எந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள் என்று கணக்குப் போட்டிருப்பார். அப்படி ஓடியவளின் கொள்ளுப்பேரனாகவே அவர் இருக்கலாம் என்பதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. கிழித்தவனின் வாரிசு டேப் பிடித்தால் ஆச்சரியமில்லை. கிழிபட்டவளின் வாரிசு டேப் பிடிக்கும்போது அந்தப் பெண்கள் வாங்கிய அடி எந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தது?

அன்றைக்குச் சாயந்தரம் சித்தி கடைக்கு ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். முதலாமாண்டு. அம்மா கையிலும் அதே தாள். “எக்கா, இதுல உள்ளபடியே தச்சிருங்க. ஒரு இஞ்சு கூடக் குறைய ஆச்சுன்னா கேட்ல நிறுத்திருவாங்களாம். நமக்கு வம்பு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கு மீன் வாங்கப் போனாள். சித்தி அளந்தாள். கழுத்து ஐந்து, பின்கழுத்து மூன்று, கை முழங்கைக்கு. பிள்ளை அளவு முடியும்வரை வாயே திறக்கவில்லை. முடிந்ததும், அம்மா வருகிறாளா என்று தெருவைப் பார்த்துக்கொண்டு, “சித்தீ, பாக்கெட் வைப்பீங்களா?” என்றது.

சித்தி தாளை எடுத்து முன்பக்கம் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். “பாக்கெட்டப் பத்தி ஒண்ணும் போடலியே. எத்தன இஞ்சு வேணும் மக்களே?”

பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. சித்தி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதன் கையைப் பிடித்துத் துணிமேல் விரித்து வைத்து, விரல்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டாள்.